1920-க்கு முன்னால் எழுதியவர்கள் எங்கே?

நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: இந்தோனேசியாவின் முதல் நவீன நாவல் 1920-இல் வந்ததாம். சீனர்கள் அங்கே கடை வைத்தார்களே தவிர, இலக்கியத்துக்கு ஒன்றும் செய்யவில்லையாம்.

முதல் பாதி பல புத்தகங்களில் இருப்பதுதான். "முதல் நாவல் எது?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டே காலம் தள்ளியவன் நான். அந்தக் கேள்வியால் யார் யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று வகுப்பில் ஒருநாளும் யோசித்ததில்லை.

1903-இலேயே தியோ சின் பூன் என்ற சீனர் மலாயில் 'ஓய் சே' கதையை வெளியிட்டுவிட்டார். பணநோட்டுகளால் செய்த ஒரு காற்றாடி ஒரு சீன வியாபாரியின் கையில் சிக்குகிறது. அதில் பணக்காரனாகிறவன் பிறகு ஏமாற்றியே சொத்து சேர்க்கிறான். அவன் மகள் ஒரு ஜாவாக்காரரை விரும்பி மணந்துகொள்கிறாள்; அப்பன் அவளை இழக்கிறான். சீன வியாபாரியின் வஞ்சகத்தை இப்படிப் போட்டு உடைத்தவர் ஒரு சீனர், ஐயா! இரண்டு இனங்களுக்கு நடுவே இருந்த சுவரைப் பற்றியும் அவர் அன்றே எழுதிவிட்டார்.

இவர் ஒருவர் மட்டுமா? 1981-இல் பிரெஞ்சு ஆய்வாளர் க்ளோதின் சல்மோன் வெளியிட்ட பட்டியலில், மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துச் சுமார் 3000 நூல்கள் இருக்கின்றன.

பிறகு ஏன் கணக்கில் இல்லை? 1917-இல் டச்சு அரசு தொடங்கிய பலாய் புஸ்தாகா பதிப்பகம் பள்ளிக்கூட மலாயைத்தான் உயர்ந்தது என்றது. சீனர் எழுதியது சந்தை மலாய், ஆகவே மட்டம். வெள்ளைக்காரன் போட்ட கோடு அது. சுதந்திரம் வந்த பிறகும் அதை அழிக்கவில்லையே, அதுதான் என் கோபம். இந்தோனேசிய தேசிய கீதத்தின் வரிகளை 1928-இல் அச்சிட்டது 'சின் போ' என்ற சீனர் பத்திரிகைதான். அந்தப் பாட்டை எழுதிய சுப்ரத்மான் அங்கேதான் நிருபராக இருந்தார். அப்போது மட்டும் சீனர் அச்சகம் இனித்ததோ?

1959-இல் அயல்நாட்டார் கிராமப்புறத்தில் சில்லறை வியாபாரம் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடி விழுந்தது சீனர்மேல். அவர்களுக்காக 1960-இல் புத்தகம் எழுதிய பிரமூதியா அனந்த தூர் சீனர் அல்லர், ஜாவாக்காரர். புத்தகத்துக்குத் தடை, அவருக்குச் சிறை. 1967-இல் சுகார்த்தோ சீனப் பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாடத் தடை போட்டார். 2000-இல்தான் அது நீங்கியது. அதற்குள் 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீனர் கடைகளும் வீடுகளும் எரிந்துவிட்டன.

"கடை வைத்தவர்கள்" என்று நண்பர் சாதாரணமாகத்தான் எழுதியிருப்பார். எரித்தவர்கள் வாயிலும் அதே சொல்தான் இருந்தது. பதிவைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.