தளம் முடங்கினால் யாரைக் கேட்பது?

ஜவுளிக் கடை, சிற்றிதழ், முன்னாள் மாணவர் சங்கம் என்று இன்று யாரும் இணையதளம் வைத்துக்கொள்ளலாம். வைத்தபின் அதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஹோஸ்டிங் நிறுவனமோ, "எங்கள் சர்வர் சரியாகத்தான் ஓடுகிறது" என்று பதில் போடும். முடங்கிய அன்று உரிமையாளரிடம் மிஞ்சுவது திரையில் தெரியும் ஒரு வரிப் பிழைச் செய்தி. அந்த வரியைத் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை என்பது என் வாதம். எல்லாப் பழுதையும் அவரே நீக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பழுது எது, அது யார் பொறுப்பில் வருவது என்பதை அவரே கண்டுகொள்ளலாம். அதையும் பிறரிடம் விட்டுவிட்டால், கேட்ட தொகையைக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்குப் பழுதுகளின் இயல்பே சான்று. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. இத்தனை தளங்கள் ஒரே மென்பொருளில் ஓடும்போது, ஈரோட்டில் ஒரு தளத்தை விழவைத்த கோளாறு அதற்கு முன்பே எங்கெங்கோ எத்தனையோ தளங்களை விழவைத்திருக்கும். யாரோ கேட்டிருப்பார்கள், யாரோ பதில் எழுதியிருப்பார்கள். உதாரணமாக, 2015 டிசம்பரில் வந்த, பி.எச்.பி. நிரல்மொழியின் 7-ஆம் பதிப்பு, தரவுத்தளத்தோடு பேசப் பயன்பட்டு வந்த பழைய கட்டளைகளை அடியோடு நீக்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட தளம் வருடக்கணக்கில் நன்றாக ஓடியிருக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்திய இரவில் 'கால் டு அன்டிஃபைன்டு ஃபங்ஷன்' (இல்லாத கட்டளை அழைக்கப்பட்டது) என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். உரிமையாளர், தான் எதையும் தொடவில்லை என்பார். நிறுவனமும் தளத்தின் கோப்புகளைத் தொடவில்லை என்னும். இருவர் சொல்வதும் உண்மை. யாரும் பொய் சொல்லாமலே மின்னஞ்சல் சண்டை ஒரு வாரம் நீளும். அந்தச் செய்தியைத் தேடியிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும்.

தேடுவதிலும் ஒரு முறை உண்டு. 'என் தளம் வேலை செய்யவில்லை' என்று தேடினால் விளம்பரம்தான் வரும். செய்தியை எழுத்து மாறாமல் எடுத்து, அதில் நம் தளத்துக்கே உரிய பெயர்களையும் கோப்புப் பாதையையும் வெட்டிவிட்டு, மீதியை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அதோடு மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து, விடைகளைக் கடந்த ஓராண்டுக்குள் வந்தவையாகச் சுருக்கிக்கொள்ளலாம். நிர்வாகப் பக்கத்தைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு (வைத்திருப்பது நல்லதுதான்) பிழைச் செய்தியும் தமிழிலேயே வரலாம். அந்தத் தமிழ் வாசகத்தைத் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் அகப்படாது. சற்று நேரம் ஆங்கிலத்துக்கு மாற்றி மூலச் செய்தியை எடுத்துக்கொள்வதில் மொழிப்பற்றுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், பெரும் பிழை நேர்ந்தால் எந்த ப்ளகின் காரணம் என்று நிர்வாகியின் மின்னஞ்சலுக்கே தகவல் போகிறது. அந்த முகவரி இன்னமும் தளத்தைச் செய்து கொடுத்தவருடையதாகவே இருந்தால் தகவல் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்த் தளங்களை அடிக்கடி பிடிக்கும் ஒரு நோயையும் பார்க்கலாம். சர்வர் மாற்றிய மறுநாள் கட்டுரைகளெல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியும். அல்லது தலையில் கோடும் கூரையும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குப்பைதான். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தானாக எடுத்துக்கொண்ட எழுத்துமுறை லத்தீன். தமிழ்த் தளங்கள் எழுதப்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படிப்பதால்தான் கோடும் கூரையும் முளைக்கின்றன. பைட்டுகள் பத்திரமாகவே இருக்கின்றன. படிக்கும் முறையைத் திருத்தினால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறிதான் ஆபத்து. அது காட்டும்போது மட்டும் நேர்ந்த மாற்றமாக இருந்தால் பிழைத்தோம். தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறியாகப் பதிவாகியிருந்தால் மூல எழுத்து போனது போனதுதான். பழைய சர்வரோ பேக்கப்போதான் கதி. இதை முதல் நாளே தேடித் தெரிந்துகொண்டவர் பழைய சர்வரின் கணக்கை மூடமாட்டார். ஒரு மாதம் கழித்து நிபுணரைக் கூப்பிட்டவருக்கு, எவ்வளவு கெட்டிக்கார நிபுணர் வந்தாலும் பயனில்லை.

இணையத்தில் கிடைக்கும் வைத்தியம் நோயைவிடக் கொடியது என்பார்கள். இந்த ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தது. அவற்றில் 15.4 சதவீதத்தில், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து எடுக்கப்பட்ட, பாதுகாப்பு தொடர்பான நிரல் துண்டுகள் இருந்தன; அப்படிப்பட்ட செயலிகளில் 97.9 சதவீதத்தில் பாதுகாப்பற்ற துண்டு ஒன்றாவது இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அப்படி எடுத்து ஒட்டியவர்கள் செயலி எழுதத் தெரிந்தவர்கள். 'கோப்பின் அனுமதியை 777 ஆக்கு, சரியாகிவிடும்' என்ற யோசனை இன்றும் உலவுகிறது. சரியாகும்தான், கூடவே அந்த சர்வருக்குள் நுழைந்த எவரும் கோப்பை மாற்றி எழுதவும் வழி திறந்துவிடும். ஆகவே, தேடிப் படிப்பதையும் படித்தபடி செய்வதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படித்தால் எதுவும் கெடாது. செய்வதற்கு முன் பேக்கப் வேண்டும், விடையின் தேதியைப் பார்க்க வேண்டும், மென்பொருளின் அதிகாரபூர்வக் கையேடும் அதையே சொல்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். தேடுபொறிகளே தேடல் முடிவுகளுக்கு மேல் தாங்களே எழுதிய விடையை வைக்கின்றனவே? சில வேளை அந்த விடை சரியாகவும் இருக்கிறது. ஆனால், 'இது எனக்கு உதவவில்லை', 'புதிய பதிப்பில் இப்படிச் செய்யாதீர்கள்' என்று கீழே நான்கு பேர் எழுதியிருப்பதை அது அப்படியே காட்டாது. பல நேரம் அந்தச் சச்சரவில்தான் உண்மை இருக்கும். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி எழுதிய விடைகளைத் தடை செய்தது. பார்க்கச் சரிபோலத் தோன்றி உள்ளே தவறாக இருக்கும் விடைகள் குவிந்துவிட்டன என்பதே அது சொன்ன காரணம்.

நிபுணரிடம் விட்டுவிட்டால் நிம்மதி என்பதும் பாதி உண்மைதான். 2018 டிசம்பரில் பிரிட்டனின் ஓ2 கைபேசிச் சேவை நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு மொபைல் இணையம் முடங்கியது. எரிக்சன் நிறுவனம் தந்த மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதே காரணம். அங்கே நிபுணர்களுக்கா பஞ்சம்? சிறு தளங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு: அவற்றில் பலவும் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் 90 நாள் சான்றிதழை நம்பியிருக்கின்றன. காலாவதியை முன்கூட்டி நினைவூட்டும் மின்னஞ்சலை அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் சொன்னால், முகவரிக்கு முன்னால் உள்ள குறியைச் சொடுக்கிச் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்க்க எந்த நிபுணரும் வேண்டாம்.

தளத்துக்குள் அந்நியர் புகுந்துவிட்டால், பணப் பரிமாற்றம் சிக்கினால், தரவுத்தளமே சிதைந்துவிட்டால் தேடியதை அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அப்போதும் 'தளம் போச்சு' என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. பிழைச் செய்தி என்ன, எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய நாள் எது புதுப்பிக்கப்பட்டது, கடைசி பேக்கப் எங்கே இருக்கிறது என்ற விவரங்களோடு போனால், அவர் கேட்கும் தொகை எதற்கு என்று திருப்பிக் கேட்கவாவது முடியும்.