தயிருக்கு 'ஹெச்' வேணுமா, வேண்டாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகம் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டினேன். இடம்: விக்கிப்பீடியா. காரணம்: எங்கள் ஊர் ஏரி.

ஏரியை வெட்டியது யார் என்று அப்பத்தா ஒரு கதை சொல்வார். அவர் இப்போது இல்லை. அந்தக் கதையாவது இருக்கட்டுமே என்று ஊர்ப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். பத்தே நிமிடத்தில் யாரோ நீக்கிவிட்டார். மறுபடி சேர்த்தேன். மறுபடி நீக்கினார். 'எங்க ஊரைப் பத்தி எனக்குத் தெரியாததா?' எனக் கோபம் தலைக்கேறியது. மூன்றாவது தடவை கை போனபோதுதான் அவர் எழுதியிருந்த காரணத்தைப் படித்தேன். இரண்டே வார்த்தை: 'சான்று தேவை.'

இப்படிச் சண்டை போட்டது நான் மட்டும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிருக்கே பல வருடம் சண்டை நடந்தது. 'யோகர்ட்' என்ற சொல்லை அமெரிக்கர்கள் 'ஹெச்' இல்லாமல் எழுதுவார்கள். பிரிட்டனில் 'ஹெச்' சேர்த்தும் எழுதுவார்கள். கட்டுரைத் தலைப்பில் எது? 2011-ல்தான் 'ஹெச்' வேண்டாம் என்று முடிவானது. அதற்குள் நிஜத் தயிர் எத்தனை தடவை புளித்திருக்கும்!

இதற்காகவே அங்கே சில விதிகள் உண்டு. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் 3 தடவைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை மாற்றினால், உங்களைத் தடை செய்யலாம். நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும்தான்! பிறகு என்ன செய்வது? உரையாடல் பக்கத்தில் பேச வேண்டும். ஆளை விட்டுவிட்டு வரியைப் பற்றிப் பேச வேண்டும். ஒத்துவரவில்லையா? சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளைக் கேட்கலாம். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தலையை எண்ணி முடிவெடுப்பதும் கிடையாது. யார் சொல்லும் காரணம் வலுவானது என்றுதான் பார்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பக்கத்தின் 'வரலாறு' பகுதியில் பதிவாகிவிடும். நீக்கிய வரி எங்கேயும் ஓடிவிடாது. அப்புறம் எதற்கு அவசரம்?

நானும் உரையாடல் பக்கத்துக்குப் போனேன். "இது எங்க அப்பத்தா சொன்னதுங்க" என்று எழுதினேன். பதில் வந்தது: "அவங்க சொன்னது பொய்னு நான் சொல்லலை. படிக்கிறவங்க சரிபார்க்க ஒரு வழி வேணும், அவ்வளவுதான். கல்வெட்டுத் தொகுப்பு, பழைய மாவட்ட கெசட்டியர்ல பாருங்க. நானும் தேடுறேன்."

வெட்கமாகிவிட்டது. அவரை எதிரியாக்கி வைத்திருந்தது நான்தானே!

அந்த வரி இன்னும் பக்கத்தில் ஏறவில்லை. சனிக்கிழமைதோறும் நூலகம் போகிறேன். கதையை அப்பாவைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து வைத்துவிட்டேன். அதற்கு யாரும் சான்று கேட்கப் போவதில்லை.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த சண்டை வெடிக்கும்போது, பதில் தட்டும் முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "நீங்க ஏன் அப்படிச் சொல்றீங்க?"