மாசச் சம்பளக்காரங்க வீட்டுக்கு அங்கன்வாடி சத்துமாவு கிடைக்குமா?

"மாசம் 45,000 சம்பளம். மனைவி கர்ப்பமா இருக்காங்க. அரசு உதவியெல்லாம் நமக்கு வராதுல்ல மேடம்?" வீடியோவுக்குக் கீழ அடிக்கடி வர்ற கேள்வி இது.

நானும் அப்படித்தான் நினைச்சேன். நான் மாசமா இருந்தப்போ அங்கன்வாடி அக்கா நோட்டோட வீட்டுக்கு வந்தாங்க. "எங்களுக்கு வேணாம்க்கா, இல்லாதவங்களுக்குக் கொடுங்க"ன்னேன். "இது இல்லாதவங்களுக்குன்னு இல்லம்மா, புள்ளத்தாச்சிக்கு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி சட்டத்தை எடுத்துப் படிச்சேன். சிஏ முடிச்ச நான் சொன்னது தப்பு, அக்கா சொன்னது சரி.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல உணவு வேற, பணம் வேற.

உணவு: கர்ப்பிணிக்கு, பிரசவமாகி ஆறு மாசம் வரை தாய்க்கு, ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரை குழந்தைக்கு அங்கன்வாடி மூலமா இலவசம். வருமான வரம்பு கிடையாது. வறுமைக் கோட்டைத் தகுதியா வைக்கக்கூடாதுன்னு 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பணம்: இங்கதான் வடிகட்டல். மத்திய அரசோட மாத்ரு வந்தனா திட்டத்துல முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். ரெண்டாவது பெண் குழந்தைன்னா 6,000. குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குக் கீழ இருந்தா விண்ணப்பிக்கலாம். மனைவி அரசு ஊழியராவோ, சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு வாங்குறவராவோ இருந்தா கிடையாது. 45,000-ஐ 12-ஆல பெருக்குங்க: 5.4 லட்சம். மனைவி வேலைக்குப் போகலைன்னா தாராளமா கேக்கலாம். தமிழ்நாட்டுல இது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தோட சேர்ந்து வருது. அதுக்குத் தனி விதிகள் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்கிட்ட கேட்டுடுங்க.

என் கருத்து இதுதான். 8 லட்சம் தாண்டினவங்க குறைச்சுக் காட்டி வருமானச் சான்றிதழ் வாங்காதீங்க, அது மோசடி. ஆனா சத்துமாவை வேணாம்னு சொல்றது தியாகம் இல்ல. அது நம்ம வரிப்பணத்துல வர்ற உரிமை. இன்னொரு விஷயம், நடுத்தரக் குடும்பங்க ஒதுங்கிட்டா, மாவுல வண்டு இருந்தாலும் கேள்வி கேக்க ஆள் குறைஞ்சுடும். அந்த நஷ்டம் இல்லாதவங்களுக்குத்தான்.

கர்ப்பம் உறுதியானதும் பக்கத்து அங்கன்வாடியில பேர் பதிஞ்சுடுங்க. மாவு பிடிக்கலைன்னா அதையும் அங்கேயே சொல்லுங்க.