தோற்ற படத்தைப் பேசுவோம்

சென்னையில் 1857-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. கலைப் பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கு முன்னின்றார்.

இத்தகைய சங்கத்தினர் கலந்துகொள்ளும் இன்றைய சர்வதேசப் புகைப்படப் போட்டிகளின் இயற்கைப் பிரிவில் விதி கறார்: படத்தில் விழுந்த சுள்ளியைக்கூட மென்பொருளால் அழிக்கக் கூடாது. பிச்சாவரத்தில் கொக்கின் அலகுக்குக் குறுக்கே சுரபுன்னைக் கிளை நீட்டிக்கொண்டிருந்தால், படகைச் சற்றுத் தள்ளச் சொல்ல வேண்டும். இல்லையேல் கொக்கு நகரும்வரை காத்திருக்க வேண்டும். பதக்கத்தைவிட இந்தப் பொறுமைதான் போட்டி தரும் பெரிய லாபம்.

மங்கலம்பேட்டை போன்ற சிறிய ஊர்களுக்கும் இந்தப் பொறுமையைக் கற்றுத்தரும் புகைப்படச் சங்கம் கிடைக்க வேண்டும். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களும் செல்போன் வைத்திருக்கும் மாணவர்களும் மாதம் ஒருமுறை கூடி, ஒரு படம் ஏன் தோற்றது என்று மனம்விட்டுப் பேசட்டும். தொடங்குவதற்கு ஒரு வகுப்பறையும் புரொஜெக்டரும் போதும்.