அமெரிக்கப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க முன்னர்



இந்த வாரம் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. அமெரிக்காவில் ஏதோ ஒரு தெருவில் மைக்கை நீட்டி, "உங்கள் நாட்டின் முதலாவது ஜனாதிபதி யார்?" என்று கேட்கிறார்கள். ஒரு வாலிபன் தலையைச் சொறிகிறான். ஒரு பெண்பிள்ளை "லிங்கனா?" என்கிறாள். "இவனுகளா உலகத்துக்கு ஜனநாயகம் படிப்பிக்கிறது?" என்று ஒரு சகோதரர் கீழே எழுதியிருந்தார். நாமும் முதலில் சிரித்தோம். பிறகு, குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் கொஞ்சம் தேடி வாசித்தோம். வாசித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

2009 இல் ஒக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அங்குள்ள ஒரு கொள்கை ஆய்வு அமைப்பு, அரச உயர் பாடசாலை மாணவர்கள் 1000 பேரிடம் 10 கேள்விகள் கேட்கும் வேலையை ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்திடம் கொடுத்தது. வெளிநாட்டவர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கு எழுதும் பரீட்சையில் உள்ள கேள்விகள்தான். முதல் ஜனாதிபதி யார், உயர் நீதிமன்றத்தில் எத்தனை நீதியரசர்கள், செனட்டரின் பதவிக்காலம் எத்தனை வருடம், கிழக்குக் கரையில் உள்ள சமுத்திரம் எது என்ற மாதிரி. முடிவு வந்ததும் நாடே அதிர்ந்தது. ஜோர்ஜ் வொஷிங்டனின் பெயரைச் சொன்னவர்கள் 23 வீதம் மட்டுமாம். சித்தியடைய வேண்டிய 6 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லையாம். பத்திரிகைகள் அப்படியே போட்டன. பெரியவர்கள் இளைஞர்களைத் திட்டித் தீர்த்தார்கள்.

நேட் சில்வர் என்ற புள்ளிவிபரக்காரர்தான் அந்த எண்களை உட்கார்ந்து பார்த்தார். 1000 பிள்ளைகளில் ஒருவர்கூட 8 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பரீட்சைத் தாள் திருத்திய எந்த ஆசிரியருக்கும் இது இடிக்கும். எவ்வளவு பின்தங்கிய வகுப்பாக இருந்தாலும் மூலையில் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்றால், தாளில் அல்ல, திருத்தியவரிடம்தான் கோளாறு தேட வேண்டும். பிறகு எட் கனடே என்ற மாநில சட்டசபை உறுப்பினர், அவரும் கல்வித்துறையில் இருந்து வந்தவர், தன் தொகுதிப் பாடசாலைகளின் இறுதி வருட மாணவர்களிடம் அதே 10 கேள்விகளைக் கொடுத்தார். சராசரி 7.8 வந்தது. கடைசியில் ஆய்வைச் செய்வித்த அமைப்பே அந்த முடிவுகளைக் கைவிட்டது.

ஆனாலும் 23 வீதம் என்ற அந்தக் கதை அடங்கவில்லை. இளைஞர்களைப் பற்றிய கெட்ட செய்தியை யாரும் சரிபார்ப்பதில்லை, ஏனென்றால் அது ஏற்கனவே நம் மனதில் இருந்தது. அந்தத் தெருக் காணொளியும் அப்படித்தான். எத்தனை பேரிடம் கேட்டு, எத்தனை சரியான பதில்களை வெட்டி எறிந்தார்கள் என்று அதில் காட்டுவதில்லை.

அதற்காக அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. நம்பத்தகுந்த கணக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் கவலைதான். அமெரிக்க அரசின் தேசியக் கல்வி மதிப்பீடு 2022 இல் 8 ஆம் தர மாணவர்களைச் சோதித்தபோது, குடியியலில் தேர்ச்சி மட்டத்தை எட்டியவர்கள் 22 வீதம். (தேர்ச்சி என்பது அங்கே வெறும் சித்தி அல்ல, அதற்கு மேலான படி. இதையும் பலர் கவனிப்பதில்லை.) அடிப்படை மட்டத்துக்கும் கீழே 31 வீதம். 1998 இல் இந்தச் சோதனை தொடங்கியதில் இருந்து சராசரிப் புள்ளி குறைந்தது அதுதான் முதல் தடவை. கொரோனாக் காலப் பாடசாலை மூடலுக்கும் அதில் பங்கிருக்கலாம்.

குற்றம் பிள்ளைகளுடையதா? 2002 இல் வந்த கல்விச் சட்டம் வாசிப்பையும் கணிதத்தையும் வருடாவருடம் சோதித்து அதன்படி பாடசாலைகளைத் தரம் பிரித்தது. சோதிக்காத பாடத்துக்கு நேரசூசியில் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. விஞ்ஞான, கணிதக் கல்விக்கு மாணவருக்கு 50 டொலர் அளவில் செலவழித்த மத்திய அரசு, குடியியலுக்கு 5 சதம் அளவில் செலவழித்ததாக 2021 இல் அங்குள்ள கல்விமான்கள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 5 சதத்துக்குப் படிப்பித்துவிட்டு மைக்கை நீட்டுகிறார்கள்.

அரிசோனா 2015 இல் ஒரு தீர்வு கண்டது. அந்தக் குடியுரிமைப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உயர் பாடசாலைச் சான்றிதழ். பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இதில் நமக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கடந்தகால வினாத்தாளை மனனம் செய்வித்துப் பெறுபேறு காட்டுவதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. பரீட்சை மண்டபத்தை விட்டு வந்து ஒரு மாதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதும் நமக்குத் தெரியும்.

நம் ஊரிலிருந்து கிரீன் கார்ட் லொத்தர் கிடைத்துப் போன ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தத் தாய் நம்மிடம் படித்த பிள்ளை. குடியுரிமை நேர்முகத்துக்காக 100 கேள்விகளையும் சீ.ஆர். கொப்பியில் எழுதி, சமைக்கும்போதெல்லாம் பாடமாக்கினாராம். (இப்போது கேள்விகளை 128 ஆக்கியிருக்கிறார்கள்.) சித்தியடைந்துவிட்டார். யாப்பில் எத்தனை திருத்தங்கள் என்று மகனிடம் கேட்டால் அவனுக்குத் தெரியாது. 27 என்று தாய்தான் சொல்லிக் கொடுப்பார். ஆனால் பாடசாலையில் பகல் இடைவேளையில் ளுஹர் தொழ ஓர் அறை வேண்டும் என்று அவன் தானே அதிபருக்குக் கடிதம் எழுதினான். மதச் சுதந்திரம் முதலாவது திருத்தத்தில் இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியை சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அறை கிடைத்தது. தாய்க்கு அதைக் கேட்டுப் பயம். "நாங்க வந்தேறின ஆக்கள், ஏன் மகன் பிரச்சினை?" என்று சொன்னதாக நம்மிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

அந்த நூறு கேள்விகளில் இதுவும் ஒன்று: முதலாவது திருத்தம் தரும் ஓர் உரிமையைச் சொல்லுக. தாய் கொப்பியில் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

காணொளியைப் பகிர்ந்த சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அழிக்க வேண்டாம், இருக்கட்டும். அதன் கீழே ஒக்லஹோமாக் கதையையும் ஒருதரம் போட்டுவிடுங்கள்.