நம்பிக்கை முன்பணமல்ல

"எனக்கு என்மீது நம்பிக்கை வரட்டும், ஸார், அப்புறம் எழுதுகிறேன்" என்கிறார்கள் இன்றைய இளைஞர்கள் பலர். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏச நான் தயாராக இல்லை. சோம்பேறிக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், இவர்களுக்கு வருவதில்லை. எழுதாத கதையில் யாரும் குற்றம் காண முடியாது. அந்தக் கௌரவம் குலையாமல் இருக்கத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள். பார்வைக்கு அடக்கம், உள்ளே இருப்பது அகந்தை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் தொழிலைப் பழக வரும் பையன், "நம்பிக்கை வந்த பிறகு உளியைத் தொடுகிறேன்" என்றால் ஆசாரி என்ன சொல்வார்? செதுக்கி எறிந்த சிராயைத் திரும்ப ஒட்ட முடியாது. இருந்தும் கொட்டாப்புளி இறங்குகிறது. கோணிப்போன பத்துப் பூக்களுக்குப் பின்னால் பதினோராவது பூ நேராக வருகிறது. நம்பிக்கையும் அப்போதுதான் பிறக்கிறது. பிடிக்காத வரியை அடித்துவிட்டு வேறு எழுதும் சலுகை உள்ள எழுத்தாளனுக்கு என்ன பயம்?

"ஊறப்போட்டால்தானே கற்பனைக்குச் சாரம் ஏறும்?" என்பார்கள். ஊறட்டும். கல்வராயன் மலையில் பெய்யும் மழையும் கோமுகி அணையில் தேங்கத்தான் செய்கிறது. ஆனால் மதகு திறக்க ஒரு நாள் குறிக்கிறார்கள். ஊறப்போடுவதற்கும் ஒத்திப்போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த நாள்தான்.

ஏறத்தாழ நூறு கதைகளை எழுதி வைத்துவிட்டு 1948-ல் புதுமைப்பித்தன் மறைந்தபோது அவருக்கு வயது 42. நாள் தள்ளியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தன்னம்பிக்கை, வேலை செய்தவனுக்குக் கிடைக்கும் கூலி. அதை முன்பணமாகக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?