மௌனம் சம்மதமாகாது

திருக்கோஷ்டியூர் என்றவுடன் நம் நாட்டாருக்கு நினைவு வருவது ஸ்ரீ ராமாநுஜரின் வரலாறு. பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருளைப் பெற்ற அவர், அதைப் பிறருக்கு வெளியிடலாகாது என்ற குருவின் கட்டளையையும் கடந்து, கோயிலின் மீதேறி நின்று, கேட்க விழைந்தோர் அனைவருக்கும் உரைத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. ‘எல்லோருக்கும் சொன்னார்’ என்பதையே நாம் வழக்கமாகப் போற்றுகிறோம். ஆயினும் அவ்வரலாற்றில் வேறு இரண்டு உண்மைகளும் அடங்கியுள்ளன. அவர் மறைவாகச் சொல்லவில்லை. விரும்பி வந்தவரிடமே சொன்னார். வெளிப்படையும் விருப்பமும் சமய போதனைக்கு இரு கண்கள் போன்றவை. ஒன்று குன்றினும் போதனை நிர்ப்பந்தமாகிவிடும்.

இவ்வளவுகோலைக் கொண்டு, இதே சீமையில் நெடுங்காலமாகக் கல்விப்பணி புரிந்து வரும் கத்தோலிக்கப் பள்ளிகளின் மதபோதனையை ஆராய்வது பொருந்தும். இச்சீமைக்கும் கத்தோலிக்க சமயத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் தே பிரித்தோ என்னும் போர்த்துக்கீசியத் துறவி 1693-ல் ஓரியூரில் உயிர் துறந்தார். அவர் பெயரால் 1943-ல் இயேசு சபையார் தேவகோட்டையில் ஒரு பள்ளியை நிறுவினர். 1987-ல் சிவகங்கை தனி மறைமாவட்டமாயிற்று. தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பள்ளிகளால் அச்சமயத்தார் மட்டும் பயன் பெறவில்லை. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பிக் கல்வி பெறச் செய்துள்ளனர். ராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பின்னர் ஜனாதிபதியாக விளங்கிய அப்துல் கலாம், திருச்சியில் இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரியிலேயே பௌதிகம் பயின்று 1954-ல் தேறினார். இந்நன்றியை மறந்து பேசுவது நமது நோக்கமன்று.

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பொதுவாகக் காணும் முறை எல்லோரும் அறிந்ததே. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. முன்னாளில் இதனை ஞானோபதேசம் என்பர். மற்றப் பிள்ளைகளுக்கு அதே மணியில் நன்னெறிக் கல்வி. ஞானோபதேசமே கூடாதென்று வாதிப்போர் சிலர் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நடத்துவதற்கு அரசியலமைப்பின் 30-வது ஷரத்து உரிமை அளித்துள்ளது. தன் சமயத்தைத் தன் குழந்தைக்குக் கற்பிக்க இயலாத பள்ளியை ஒரு சமூகம் எதற்காக நடத்த வேண்டும்? ஆகவே, கேள்வி அந்த வகுப்பைப் பற்றியதன்று. பிற சமயப் பிள்ளை அதிலோ, அதனையொட்டிய வழிபாட்டிலோ எவ்வாறு சேர்க்கப்படுகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வி பழமையானது. 1870-ல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட கல்விச் சட்டம், தாய் தந்தையர் விரும்பினால் தம் குழந்தையை மதபோதனை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று விதித்தது. மனச்சாட்சி விதி என்று இதற்குப் பெயர். சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளில் பயிலும் ஹிந்துப் பிள்ளைகளுக்கும் இத்தகைய பாதுகாப்பு வேண்டுமென்று 1910-களில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் வாதாடினார். அக்காலத்தில் அந்நிய அரசு அதற்குச் செவிசாய்க்கத் தயங்கியது. சுதந்திர இந்தியாவோ அதனினும் ஒரு படி மேலே சென்றது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 28-வது ஷரத்து, அரசின் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில் பயிலும் எவரையும் அவரது சம்மதமின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி செய்யலாகாது என்கிறது. சிறு பிராயத்தினராயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

இவ்விரண்டு விதிகளுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆங்கிலேயர் சட்டப்படி, தந்தை வாய் திறந்தாலன்றிப் பிள்ளை வகுப்பில் அமர்ந்தே தீர வேண்டும். நமது சட்டப்படி, தந்தை வாய் திறந்து ஒப்புக்கொண்டாலன்றிப் பிள்ளையை அங்கே அமர்த்தலாகாது. முன்னதில் மௌனம் சம்மதமாகும், பின்னதில் ஆகாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் நாட்டு வழக்கு. கலியாணப் பேச்சுக்கு அது பொருந்தலாம். குழந்தையின் மனச்சாட்சிக்குப் பொருந்தாது.

‘இத்தனை ஆண்டுகளில் எவரும் ஆட்சேபித்ததில்லையே!’ என்று பள்ளி நிர்வாகிகள் கூறலாம். எப்படி ஆட்சேபிப்பர்? ஓர் இடம் கிடைத்தால் போதுமென்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியரின் அறை வாயிலில் நிற்கும் ஏழைத் தகப்பன், நீட்டிய காகிதத்தில் கையெழுத்திடுவானேயன்றி நிபந்தனை பேசுவானா? அவனுடைய மௌனத்திலே மரியாதை இருக்கலாம்; அச்சமும் இருக்கலாம்; மனப்பூர்வமான இசைவும் இருக்கலாம். எது உள்ளதென்று கேட்டறிவது வலியவர் கடமை. எளியவர் தாமே முன்வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது நியாயமாகாது.

இதனைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அயலான கொள்கையென்றும் கூறுவதற்கில்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரப் பிரகடனம், சமய விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்றும், தம் குழந்தைகள் பெறும் சமயக் கல்வியைத் தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை என்றும் அறுதியிட்டது. நமது அரசியலமைப்பு கேட்பதும் அதுவே.

சம்மதம் தராதவரின் பிள்ளைக்கு அந்த மணியில் நடப்பது என்ன என்பதும் கவனிக்கத்தக்கது. நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் எழுதிவிட்டு, ஓய்வாயிருக்கும் எவரோ ஓர் ஆசிரியரை அனுப்புவதும், பரீட்சை நெருங்கினால் அந்த மணியைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவதும் பல பள்ளிகளில் காணும் வழக்கம். இதனால் நஷ்டமடைவது பிற சமயப் பிள்ளை மட்டுமன்று. பத்தாம் வகுப்பு வந்ததும் ஞானோபதேசத்தை இழக்கும் கத்தோலிக்கப் பிள்ளையுங்கூடத்தான். மதிப்பெண்ணுக்கு முன் இறைவனும் நீதியும் ஒருசேரப் பின்வாங்குவதை எந்தச் சமயத்தாரும் விரும்பார். பல சமயங்களைப் பற்றி அறிவூட்டுவதும் நற்பண்புகளைக் கற்பிப்பதும் 28-வது ஷரத்துக்கு மாறல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே, திருக்குறளும் நம் நாட்டுச் சமயப் பெரியோர் வரலாறுகளும் அந்த மணியில் முறையாகக் கற்பிக்கப்படுவதற்குத் தடை ஏதுமில்லை.

இவ்விதியை ஒரு சமயத்தாருக்கு மட்டும் காட்டிப் பேசுவோரின் நேர்மையை நாம் ஐயுறுகிறோம். ஹிந்துக்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளியில் பயிலும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும், முஸ்லிம்கள் நடத்தும் பள்ளியில் பயிலும் ஹிந்துப் பிள்ளைக்கும் இதே காப்பு உண்டு. முழுவதும் அரசாங்கப் பணத்தால் நடைபெறும் பள்ளியிலோ மதபோதனைக்கே இடமில்லை. அளவுகோல் ஒன்றாயிருந்தால்தான் தேசம் ஒன்றாயிருக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. பிள்ளையைச் சேர்க்கும்போதே, சேர்க்கை விண்ணப்பத்தோடு கலவாமல், தமிழில் தனியாக ஒரு சம்மதப் பத்திரம் தரப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதனை வாசித்து விளக்க வேண்டும். மறுத்தால் இடம் போகாது என்று அதிலேயே குறிப்பிட வேண்டும். இரு வகுப்புகளிலும் கற்பிக்கும் நூல்களைப் பெற்றோர் எவரும் பார்வையிடலாம் என்றிருக்க வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

நல்ல போதனை வெளிச்சத்துக்கு அஞ்சாது; விருப்பத்தைக் கேட்கவும் அஞ்சாது. ராமாநுஜர் கோயில் மீதேறினாரேயன்றி, ஊராரை இழுத்து வந்து கீழே நிறுத்தவில்லை. சமயம் கற்பிக்கும் பள்ளி எதுவாயினும், திருக்கோஷ்டியூர் அதற்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.